கல் வழிவிட்ட ஒளி

நுழையும்முன்

கட்டடக்கலை என்றதும் கல், மரம், சுண்ணாம்பு, இரும்பு ஆகிய பொருள்களே நம் நினைவுக்கு வருகின்றன. எடையற்ற ஒளியும் ஒரு கட்டுமானப் பொருளாகலாம் என்பதை மெய்ப்பித்தவர்கள் இடைக்கால ஐரோப்பியக் கட்டடக் கலைஞர்கள். பிரான்சு நாட்டிலுள்ள சார்த்ர் நகரப் பேராலயம் அவர்களுடைய ஆக்கங்களுள் தலைசிறந்த ஒன்று. எண்ணூறு ஆண்டுகளாக அதனுள் ஒளி எவ்வாறு வாழ்ந்துவருகிறது, அதனை ஆக்கியோர் யாவர், காத்தோர் யாவர், இன்று அதனைச் சூழ்ந்து எழுந்துள்ள வினா யாது என்பவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

வயல்வெளியில் எழுந்த பேராலயம்

பாரிசு நகருக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் சார்த்ர் நகரம் அமைந்துள்ளது. சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம்வரை கோதுமை விளையும் சமவெளி. அந்நகரை நோக்கிச் செல்வோரின் கண்ணுக்கு முதலில் புலப்படுவது ஊரன்று. பேராலயத்தின் இரு கோபுரங்களே. அவ்விரண்டும் ஒன்றுபோல் இல்லை. ஏறத்தாழ 105 மீட்டர் உயரமுள்ள தெற்குக் கோபுரம் 12ஆம் நூற்றாண்டின் எளிய அமைப்பை உடையது. 113 மீட்டர் உயரமுள்ள வடக்குக் கோபுரத்தின் கூர்முடியோ 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுண்ணிய கல்வேலைப்பாடுகளுடன் எழுப்பப்பட்டது. ஏறத்தாழ முந்நூற்றைம்பது ஆண்டுக்கால இடைவெளி அருகருகே நிற்பதை அங்கே காணலாம்.

மேற்கு வாயில் வழியாக உள்ளே நுழையும் பார்வையாளர் முதலில் உணர்வது ஒளியையன்று, இருளையே. வெளியே வெயிலில் பழகிய கண்ணுக்கு உட்புறம் நிழலாகத் தோன்றுகிறது. சற்றுப் பொறுத்து நிற்பவருக்கே அக்கட்டடம் தன்னைக் காட்டத் தொடங்குகிறது. முதலில் சாளரங்கள் மட்டும் இருளில் மிதப்பனபோல் தெரிகின்றன. பின்னர்த் தூண்களின் விளிம்புகள், அவற்றிலிருந்து கிளைத்தெழும் கல்விலாக்கள், ஏறத்தாழ 37 மீட்டர் உயரத்தில் அமைந்த கூரை என ஒவ்வொன்றாய்ப் புலப்படுகின்றன.

இதற்கு அறிவியல் விளக்கமும் உண்டு. வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வரும் கண், அவ்விருளுக்கு முழுமையாகப் பழகுவதற்கு ஏறத்தாழ அரைமணி நேரம் ஆகும். மங்கிய ஒளியில் நம் கண் சிவப்பைவிட நீலத்தையே மிகுதியாக உணரும் என்பதை 19ஆம் நூற்றாண்டில் செக் நாட்டு அறிவியலாளர் புர்கின்யே எடுத்துரைத்தார். சார்த்ர் சாளரங்களின் நீலம் உள்ளே நிற்க நிற்க ஒளிமிகுந்து தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். விரைந்து பார்த்து வெளியேறுவோர் இவ்வனுபவத்தை இழக்கின்றனர்.

தீயில் பிறந்த கட்டடம்

1194ஆம் ஆண்டு சூன் 10ஆம் நாள் சார்த்ர் நகரில் பெருந்தீ மூண்டது. அங்கிருந்த பழைய பேராலயத்தின் பெரும்பகுதி அழிந்தது. மேற்கு முகப்பும் அதன் கோபுரங்களும் நிலவறையும் எஞ்சின. அன்னை மரியாளின் ஆடை என நம்பப்பட்ட புனிதப் பொருள் ஒன்று அப்பேராலயத்தில் இருந்தது. அதனைக் காண நெடுந்தொலைவிலிருந்தும் மக்கள் வருவது வழக்கம். அதுவும் எரிந்துபோயிற்று என ஊரார் கலங்கினர். நிலவறையில் அது பாதுகாப்பாக இருந்தது தெரியவந்ததும் கலக்கம் ஊக்கமாக மாறியது எனச் சொல்வர்.

அண்மையிலிருந்த கற்சுரங்கங்களிலிருந்து கடினமான சுண்ணக்கல் வெட்டிக் கொண்டுவரப்பட்டது. கட்டடத்தின் முதன்மைப் பகுதிகள் ஏறத்தாழ 1220ஆம் ஆண்டளவிலேயே நிறைவுற்றன. பல பேராலயங்கள் நூற்றாண்டுக்கு மேலாகக் கட்டப்பட்ட அக்காலத்தில் இது வியத்தகு விரைவாகும். ஒரு தலைமுறைக்குள் கட்டி முடிக்கப்பட்டதால்தான் அதன் உட்புறம் ஒரே கருத்தோட்டத்தின் வெளிப்பாடாக விளங்குகிறது. ஆயினும் அதனை வடிவமைத்த தலைமைக் கலைஞரின் பெயர் எந்த ஏட்டிலும் பதிவாகவில்லை.

சுவரின் சுமையை இறக்கிய நுட்பம்

அதற்கு முந்தைய காலத்து ஐரோப்பியத் தேவாலயங்களில் அரைவட்ட வளைவுகளே பயன்பட்டன. கற்கூரையின் எடை கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை; அது சுவரை வெளிப்புறமாகவும் தள்ளும். அத்தள்ளுவிசையைத் தாங்கச் சுவர்களைத் தடிமனாகக் கட்டினர். தடித்த சுவரில் பெரிய சாளரம் வைத்தால் சுவர் வலுவிழக்கும். எனவே சாளரங்கள் சிறியனவாயின, உட்புறம் இருண்டது. ஆகவே, ஒளியைப் பெறுவதென்பது முதலில் எடையைப் பற்றிய சிக்கலாகவே இருந்தது.

அச்சிக்கலைத் தீர்த்தது 12ஆம் நூற்றாண்டில் பிரான்சின் வடபகுதியில் தோன்றிய கோதிக் கட்டடக்கலை. பாரிசுக்கு வடக்கேயுள்ள சேன் தெனி மடாலயத்தின் தலைவர் சுசேர், 1144ஆம் ஆண்டில் தம் தேவாலயத்தின் பீடப்பகுதியைப் புதிய முறையில் கட்டி முடித்தார். கண்ணால் காணும் ஒளி மனத்தை மெய்யான ஒளிக்கு இட்டுச்செல்லும் என்பது அவருடைய நம்பிக்கை. அந்நம்பிக்கைக்கு உருவம் கொடுத்தவை மூன்று பொறியியல் நுட்பங்கள்.

முதலாவது, கூர்முனை வளைவு. அரைவட்ட வளைவைவிட இது எடையைச் செங்குத்தாகக் கீழே இறக்கும். பக்கவாட்டுத் தள்ளுவிசை குறையும். இரண்டாவது, விலாக் கூரை. குறுக்கும் நெடுக்குமாக ஓடும் கல்விலாக்கள் கூரையின் பாரத்தைச் சுவர் முழுவதும் பரப்பாமல் தூண்களில் கொண்டுவந்து சேர்க்க உதவுகின்றன. மூன்றாவது, பறக்கும் முட்டுச்சுவர். சுவருக்கு வெளியே, பக்கமண்டபத்தின் கூரைக்கு மேலே, பாலம்போல் வளைந்து நிற்கும் இக்கல்வளைவு எஞ்சிய தள்ளுவிசையை வாங்கி, அப்பால் நிற்கும் பருத்த தூணின் வழியே நிலத்தில் சேர்க்கிறது.

சார்த்ர் கலைஞர்கள் பறக்கும் முட்டுச்சுவர்களைத் தொடக்கத்திலேயே திட்டமிட்டுப் பயன்படுத்தினர். அதனால், முந்தைய பேராலயங்களில் சுவருக்கு உறுதி தந்த மேல்மாடத் தளம் இங்குத் தேவையற்றுப்போயிற்று. அதை நீக்கியதால் மேற்சாளரங்களைக் கீழ்நோக்கி நீட்ட முடிந்தது. கீழேயுள்ள வளைவுகளின் உயரமும் மேலேயுள்ள சாளரங்களின் உயரமும் ஏறத்தாழச் சமமாயின. எடை தாங்கும் பொறுப்பிலிருந்து சுவர் விடுபட்டது. விடுபட்ட இடத்தில் ஒளி குடிபுகுந்தது. உள்ளே நிற்பவர் கண்ணுக்கு மெல்லிய தூண்களும் வண்ணக்கண்ணாடியும் மட்டுமே தெரியும். அவ்வெளிமைக்கு விலையாக வெளியே பெருங்கற்கள் இரவும் பகலும் பாரம் சுமந்து நிற்கின்றன. வெளிப்புறத்தைச் சுற்றிவந்து காண்போர்க்கே உட்புறத்தின் அழகு முழுமையாக விளங்கும்.

மணலும் சாம்பலும் வண்ணமான வகை

சார்த்ர் பேராலயத்தில் 170க்கும் மேற்பட்ட வண்ணக்கண்ணாடிச் சாளரங்கள் உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை 12, 13ஆம் நூற்றாண்டுகளில் செய்யப்பட்டவை. இவ்வளவு பழமையான கண்ணாடி ஒரே கட்டடத்தில் இத்துணை மிகுதியாக எஞ்சியிருப்பது அரிது.

அக்கண்ணாடியின் மூலப்பொருள்கள் எளியவை. மணலையும் மரச்சாம்பலையும் கலந்து உலையில் உருக்கினர். கோபால்ட் சேர்ந்தால் நீலமும், செம்பு சேர்ந்தால் அதன் நிலைக்கேற்பச் சிவப்போ பச்சையோ கிடைத்தன. உருகிய குழம்பை ஊதித் தகடாக்கி, வரைபடத்திற்கேற்பத் துண்டுகளாக வெட்டினர். முகம், கை, ஆடை மடிப்பு ஆகியவற்றைக் கருநிறப் பூச்சால் தீட்டி மீண்டும் சூளையில் சுட்டனர். பின்னர் ஈயப் பட்டைகளால் துண்டுகளை இணைத்து, இரும்புச் சட்டங்களில் பொருத்திச் சாளரத்தில் ஏற்றினர்.

அக்கண்ணாடியில் குமிழிகள் உண்டு. தடிமனும் ஓரிடம்போல் மற்றோரிடம் இராது. இன்றைய தொழிற்சாலை அளவுகோலின்படி இவை குறைகள். ஆயினும் அக்குறைகளே அதன் உயிர். சமமற்ற கண்ணாடியின் வழியே வரும் ஒளி பலவாறாகச் சிதறுவதால், சாளரம் வெளியுலகைக் காட்டும் திறப்பாக அமையாமல், தானே ஒளிவிடும் பொருளாகத் தோன்றுகிறது.

1194ஆம் ஆண்டுத் தீயினின்று தப்பிய பழைய சாளரங்களுள் 'அழகிய கண்ணாடி அன்னை' எனப் போற்றப்படுவது புகழ்மிக்கது. குழந்தை இயேசுவை மடியில் ஏந்திய மரியாளின் வெளிர்நீல ஆடை, அதனைச் சூழ்ந்த செந்நிறப் பின்னணியில் தனித்து ஒளிர்கிறது. அன்னையின் உருவம் 12ஆம் நூற்றாண்டினது. சூழநிற்கும் வானவர் உருவங்கள் 13ஆம் நூற்றாண்டில் சேர்க்கப்பட்டவை. தப்பிப் பிழைத்ததைப் புதிய கட்டடத்தின் உள்ளே ஏற்று இடமளித்த மனப்பாங்கு இதனால் புலனாகிறது.

தெரிந்து தெளிவோம்

தெற்குக் குறுக்குமண்டபச் சாளரங்களில் நற்செய்தியாளர் நால்வரும் பழைய ஏற்பாட்டு இறைவாக்கினர் நால்வரின் தோள்களில் அமர்ந்திருப்பதாகக் காட்டப்பட்டுள்ளனர். பேருருவினரின் தோள்மேல் அமர்ந்த சிற்றுருவினர் தம் ஆற்றலால் அன்றி, ஏறிய உயரத்தாலேயே தொலைவு காண்கின்றனர் என்னும் கருத்து, 12ஆம் நூற்றாண்டில் சார்த்ர் பள்ளியில் கற்பித்த பெர்னார் என்பாருக்கு உரியதாகச் சொல்லப்படுகிறது. பிற்காலத்தில் நியூட்டனும் இக்கருத்தைத் தம் மடலொன்றில் எடுத்தாண்டார்.

உழைப்போர்க்கும் ஓர் இடம்

மறைநூல் கதைகளும் அடியார் வரலாறுகளும் சாளரங்களின் மேற்பகுதிகளில் விளங்குகின்றன. பார்வையாளரின் கண்மட்டத்திற்கு அணித்தான கீழ்ப்பகுதிகளிலோ, அந்நகரத்து உழைப்பாளர்கள் இடம்பெற்றுள்ளனர். நோவாவின் கதை கூறும் சாளரத்தில் தச்சர்கள் மரம் இழைக்கின்றனர். நல்ல சமாரியர் கதைச் சாளரத்தில் செருப்புத் தைப்போர் அமர்ந்து தொழில் செய்கின்றனர். பேரரசர் சார்லமேன் வரலாற்றின் கீழே மென்மயிர்த் தோல் வணிகர் ஒருவர் வாங்க வந்தவருக்கு மேலாடையை விரித்துக் காட்டுகிறார். ரொட்டி சுடுவோர், கல் தச்சர், நாணயம் மாற்றுவோர் எனப் பலரையும் அங்குக் காணலாம்.

இச்சாளரங்களை அத்தொழிலாளர்களே கொடையாக அளித்தனர் என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அவர்களிடமிருந்து பெற்ற வரியையும் காணிக்கையையும் கொண்டு திருச்சபையினரே அவற்றை அமைத்திருக்கலாம் எனப் பிற்கால ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். எது உண்மையாயினும், அரசர்க்கும் அடியார்க்கும் அருகே செருப்புத் தைக்கும் கைகளும் ஒளியில் எழுதப்பட்டன என்பதில் ஐயமில்லை. எழுத்தறியாதவர்களே மிகுதியாக இருந்த அக்காலத்தில், தம் தொழிலைத் தாமே அடையாளம் கண்டு மகிழ அச்சாளரங்கள் வாய்ப்பளித்தன.

பொழுதோடு மாறும் கட்டடம்

பேராலயத்தின் பீடம் கிழக்குப் பக்கத்தில் உள்ளது. எனவே காலைக் கதிர் முதலில் பீடத்தைச் சூழ்ந்த சாளரங்களில் படிகிறது. நண்பகலை ஒட்டித் தெற்குச் சாளரங்கள் சுடர்விடுகின்றன. அப்போது தூண்களிலும் தரையிலும் சிவப்பும் நீலமுமாக வண்ணத் திட்டுகள் படர்ந்து மெல்ல நகர்கின்றன. மாலையில் மேற்கு முகப்பின் மூன்று நெடுஞ்சாளரங்களும், அவற்றின் மேலுள்ள இறுதித் தீர்ப்பைக் கூறும் ரோசா வடிவ வட்டச்சாளரமும் உயிர்பெறுகின்றன. வடக்குச் சாளரங்களில் நேரடி வெயில் பெரும்பாலும் விழுவதில்லை. ஆதலால் அவற்றின் நீலம் நாள் முழுவதும் ஆழ்ந்த அமைதியுடன் விளங்குகிறது. மெசியாவை எதிர்நோக்கிய பழைய ஏற்பாட்டுக் காலத்தை வடபுறத்திலும், அவர் வந்த பின்னரான மாட்சியைத் தென்புறத்திலும் அமைத்த திட்டத்தோடு இவ்வொளி வேறுபாடு நன்கு பொருந்துகிறது.

மேகம் ஒன்று கதிரவனை மறைத்தால் மண்டபம் முழுவதும் மங்குகிறது; மேகம் விலகினால் மீண்டும் மலர்கிறது. கல் அசையாதது, ஆனால் அக்கட்டடம் ஒருபோதும் அசைவற்று இருப்பதில்லை.

காத்த கைகள்

கண்ணாடி எளிதில் உடையும் பொருள். அது எண்ணூறு ஆண்டுகள் நிலைத்தது தற்செயலன்று. 1836ஆம் ஆண்டு பேராலயத்தின் மேற்கூரையில் தீப்பற்றியது. பழமையான மரச்சட்டகம் முழுவதும் எரிந்தது. கீழே இருந்த கற்கூரை தாங்கி நின்றதால் உட்புறமும் சாளரங்களும் பிழைத்தன. அதன் பின்னர் இரும்புச் சட்டகத்தின் மேல் செப்புத்தகடு வேய்ந்த கூரை அமைக்கப்பட்டது. அதுவே இன்று பச்சை நிறமாகக் காட்சியளிக்கிறது.

1939ஆம் ஆண்டு இரண்டாம் உலகப்போர் மூளும் வேளையில், சாளரங்கள் ஒவ்வொன்றாகக் கழற்றப்பட்டுப் பெட்டிகளில் அடைக்கப்பட்டுப் பாதுகாப்பான இடத்திற்குக் கொண்டுசெல்லப்பட்டன. போர் முடியும்வரை பேராலயம் தன் வண்ணங்களை இழந்து நின்றது. பின்னர் அவை மீண்டும் உரிய இடங்களில் பொருத்தப்பட்டன.

1944ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் வேறோர் இடர் நேர்ந்தது. பேராலயக் கோபுரத்தில் செருமானியப் படையினர் ஒளிந்திருந்து நோட்டமிடுகின்றனர் என்று ஐயுற்ற அமெரிக்கப் படை, அதன்மீது பீரங்கியால் சுட முனைந்தது. படை அலுவலர் வெல்பான் கிரிஃபித் அம்முடிவை ஏற்கத் தயங்கினார். தாமே முன்வந்து பேராலயத்திற்குள் சென்று தேடினார். பகைவர் எவரும் அங்கில்லை என உறுதிசெய்து தெரிவித்தார், தாக்குதல் கைவிடப்பட்டது. அதே நாளில் அருகிலிருந்த சிற்றூரில் நடந்த சண்டையில் அவர் உயிர்நீத்தார். ஐயத்தின் பேரில் அழிப்பதைவிட, இடரேற்றுச் சென்று உண்மையை அறிவதே மேல் எனக் கருதிய ஒருவரால் அப்பேராலயம் பிழைத்தது. யுனெஸ்கோ நிறுவனம் 1979ஆம் ஆண்டு சார்த்ர் பேராலயத்தை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

எந்த ஒளியைக் காப்பது?

2009ஆம் ஆண்டளவில் பேராலயத்தின் உட்புறத்தைச் சீரமைக்கும் பெரும்பணி தொடங்கியது. மெழுகுவத்திப் புகையும் தூசியும் நூற்றாண்டுகளாகப் படிந்து சுவர்களைக் கருமையாக்கியிருந்தன. அக்கரியை அகற்றியபோது, அடியில் 13ஆம் நூற்றாண்டுச் சுண்ணப் பூச்சின் பெரும்பகுதி எஞ்சியிருந்தது தெரியவந்தது. மஞ்சள் சாயலுள்ள அப்பூச்சின்மேல் கல் இணைப்புகளைப்போல் வெண்கோடுகளும் வரையப்பட்டிருந்தன. அதனைத் தூய்மை செய்து, சிதைந்த இடங்களை நிரப்பியதும், இருண்ட மண்டபம் வெளிறி ஒளிர்ந்தது.

இது கடும் விவாதத்தை எழுப்பியது. இருண்ட சுவரே வண்ணக்கண்ணாடிக்கு ஏற்ற பின்புலம். சுவர் வெளிறினால் ஒளி எங்கும் பரவிச் சாளரத்தின் சுடர் மங்கும் என்றனர் எதிர்ப்போர். காலம் படிந்த கருமையும் அக்கட்டடத்தின் வரலாறே. தலைமுறை தலைமுறையாக மக்கள் நேசித்தது அந்த அரையிருளைத்தான் என்றும் கூறினர். ஆதரிப்போரோ, படிந்தது அழுக்கேயன்றிக் கலையன்று என்றனர். கட்டியவர்கள் விரும்பியது ஒளி நிறைந்த மண்டபத்தையே. அவர்களுடைய கைவேலையே இப்போது வெளிப்பட்டுள்ளது என்பது அவர்கள் வாதம். சாளரங்களும் கழுவப்பட்டதால் உள்வரும் ஒளி மிகுந்துள்ளது என்றும் சுட்டிக்காட்டினர்.

நினைவுச் சின்னங்களைப் பேணுவதற்கான நெறிகளை 1964ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனம் வகுத்துள்ளது. ஊகம் தொடங்கும் இடத்தில் சீரமைப்பு நின்றுவிட வேண்டும் என்பது அதன் நெறிகளுள் ஒன்று. எல்லாக் காலத்தவரின் பங்களிப்பும் மதிக்கப்பட வேண்டும் என்பது மற்றொன்று. சுவரில் கிடைத்த பழைய பூச்சு ஊகமன்று, சான்று. ஆனால் சிதைந்த இடங்களை நிரப்புவதில் எவ்வளவு சான்று, எவ்வளவு ஊகம்? புகைக்கரி வெறும் அழுக்கு. ஆனால் அதனோடு சேர்ந்து வளர்ந்த நினைவும் அழுக்குத்தானா? இரு தரப்பாரும் அப்பேராலயத்தை நேசிப்பவர்களே. ஒரு தரப்பு கட்டியவர்களின் நோக்கத்தைக் காக்க விழைகிறது. மறுதரப்பு காண வந்தவர்களின் அனுபவத்தைக் காக்க விழைகிறது.

தொன்மையான கட்டடம் எதுவாயினும் இவ்வினா எழும். அதற்கு எல்லா இடத்திற்கும் பொருந்தும் ஒரே விடை இல்லை. எதை அகற்றுகிறோம், எதைச் சேர்க்கிறோம், அகற்றியதை மீட்க இயலுமா என்பவற்றை அறிந்து, பதிவுசெய்து, பொறுமையுடன் முடிவெடுப்பதே நம்மால் இயன்ற நேர்மை. ஒளி கதிரவனிடமிருந்து இலவசமாக வருகிறது. அதனை உள்ளே அழைக்கக் கல்லைப் பணித்தவர், கண்ணாடி உருக்கியவர், பெட்டிகளில் அடைத்துக் காத்தவர், உயிரைப் பணயம் வைத்தவர் எனப் பலருடைய உழைப்பு வேண்டியிருந்தது. அவ்வுழைப்பின் தொடர்ச்சி இனிவரும் தலைமுறையின் கைகளில் உள்ளது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள கோவில், பள்ளிவாசல், தேவாலயம் அல்லது பழைய வீடு ஒன்றனைக் காலை, நண்பகல், மாலை ஆகிய மூன்று பொழுதுகளில் பார்வையிட்டு, ஒளி அங்கு எவ்வாறு மாறுகிறது என்பதைக் குறிப்பெடுத்து வகுப்பில் படிக்க.

2. 'பழைய கட்டடத்தைப் புதுப்பொலிவு பெறச் செய்வதே பாதுகாப்பு' – 'பழமை மாறாமல் விடுவதே பாதுகாப்பு' என்னும் தலைப்புகளில் இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

மதிப்பீடு

பலவுள் தெரிக

1. கற்கூரையின் பக்கவாட்டுத் தள்ளுவிசையைச் சுவருக்கு வெளியே ஏற்று நிலத்தில் சேர்ப்பது
அ) விலாக் கூரை ஆ) மேல்மாடத் தளம் இ) பறக்கும் முட்டுச்சுவர் ஈ) நிலவறை

2. கண்ணாடிக்கு நீல நிறம் தரச் சேர்க்கப்பட்டது
அ) ஈயம் ஆ) கோபால்ட் இ) சுண்ணாம்பு ஈ) மரச்சாம்பல்

குறுவினா

1. சார்த்ர் பேராலயத்தின் இரு கோபுரங்களும் எவ்வகையில் வேறுபடுகின்றன?
2. இடைக்காலக் கண்ணாடியின் குறைகளே அதன் உயிர் எனக் கூறப்படுவது ஏன்?

சிறுவினா

1. வடக்குச் சாளரங்களின் ஒளிக்கும் அவற்றில் அமைந்த பொருளுக்கும் உள்ள தொடர்பை விளக்குக.
2. சாளரங்களில் உழைப்போர் இடம்பெற்றுள்ளமை குறித்து ஆய்வாளர் கூறும் இருவேறு கருத்துகளைத் தருக.

நெடுவினா

1. 'எடை தாங்கும் பொறுப்பிலிருந்து சுவர் விடுபட்டது. விடுபட்ட இடத்தில் ஒளி குடிபுகுந்தது' – இக்கூற்றைக் கோதிக் கட்டடக்கலையின் மூன்று நுட்பங்கள் வாயிலாக நிறுவுக.
2. சார்த்ர் பேராலயச் சீரமைப்புக் குறித்த இருதரப்பு வாதங்களையும் தொகுத்துரைத்து, உங்கள் கருத்தைக் காரணங்களுடன் எழுதுக.